போனக்காட்டு இறக்கத்தில் ஒரு மரக்கட்டை

பழைய பிக்கப் வண்டிக்கு வேறொரு வண்டியின் பின் ஆக்சிலை எடுத்துப் போடலாமா என்று கேட்டு எனக்கு இப்போதும் போன் வருகிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் போன் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் கேட்கிறவர்களில் பாதிப் பேர் செல்போனில் வீடியோ பார்த்து, ஆக்சிலையும் வாங்கி வாசலில் இறக்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். போடலாம் என்று சொல்லும்வரை விடமாட்டார்கள். நானும் போடலாம் என்றுதான் சொல்வேன். "போட்ட பிறகு முதல் இறக்கத்தில் வண்டிக்குப் பின்னால யாரு உக்காரப் போறது?" என்று மட்டும் கேட்பேன். சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்கள். போன வாரம் ஒருவன் சிரிக்காமல், "ஏன் அண்ணாச்சி அப்படிக் கேக்கீங்க?" என்றான். போனில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டதும் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினேன். கரமனையில் ஆற்றை ஒட்டிய ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, முதலில் டீசலில் சாமான் கழுவினேன், பிறகு சக்கரம் கழற்றினேன், பிறகு பிரேக், பிறகு கியர்பாக்ஸ், கடைசியில் ஆக்சில். இந்த ஒரு வரிக்குள் என் இளமை முழுவதும் கிடக்கிறது. விரித்து எழுதினால் டீசல் நாற்றம்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் கேசவன் மேஸ்திரி. பாறசாலைக்காரர். அவர் பேசுவது தமிழா மலையாளமா என்று அவருக்கே தெரியாது. யாரையும் திட்டமாட்டார், கை நீட்டமாட்டார். வேலையில் ஏதாவது பிசகு கண்டால் பக்கத்தில் வந்து நின்று, நம் கையிலிருக்கும் ஸ்பானரை மெதுவாக வாங்கி, துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுப் போய்விடுவார். என்ன பிசகு என்று சொல்லவே மாட்டார். நாமே வண்டிக்கடியில் கிடந்து தேடிக் கண்டுபிடித்து, அவரிடம் போய்ச் சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். நாலு பேர் பார்க்க வெறுங்கையோடு நிற்பதைவிட இரண்டு அடி வாங்குவது எவ்வளவோ மேல் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. பிரேக்கிலோ ஆக்சிலிலோ கை வைத்த மலை வண்டியை உடனே கொடுத்துவிடமாட்டார். மணல் மூட்டை ஏற்றி, பொன்முடி ரோட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவி கைமாறும். இறங்கும்போது அந்த வேலையைச் செய்தவன் டிரைவர் பக்கத்தில் உட்காரக்கூடாது. பின்னால், மூட்டைகளோடு, வால்கதவு ஓரத்தில் உட்கார வேண்டும். கையில் ஒரு மரக்கட்டை இருக்கும். அயனி மரத்தில் ஆப்பு மாதிரி சீவி, பிடிக்க ஒரு கயிறு போட்டது. வண்டி நிற்காவிட்டால் குதித்துச் சக்கரத்துக்கு முன்னால் அதைப் போட வேண்டும். முதல் தடவை உட்கார்ந்தபோது நான் அந்தக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வித்துரா வரைக்கும் வாந்தி எடுத்தேன். கீழே வந்ததும் மேஸ்திரி, "பயம் உண்டாடே?" என்றார். உண்டு என்றேன். "நல்லது. இனி நட்டு முறுக்கும்போ அது ஓர்ம வரும்," என்றார்.

ஞானமுத்து வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. போனக்காட்டில் பிறந்தவன், தேயிலை பறிக்கத் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறியவர்களின் வாரிசு. தோட்டத்தில் வேலை வருவதும் நிற்பதுமாக இருந்த காலம் அது. அவன் ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, வித்துராவிலிருந்து அரிசியும் கேஸ் சிலிண்டரும் மேலே ஏற்றி, ஆட்களைக் கீழே இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தான். அந்த வண்டியின் பின் ஆக்சில் ஹவுசிங், அதாவது ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு, நடுவில் பிளந்துவிட்டது. உள்ளே பல்லும் போய்விட்டது. அதே மாடல் ஆக்சில் எங்கும் கிடைக்காமல், ஆக்ரிக்கடைகளில் பழைய இரும்புக் குவியலையெல்லாம் கிளறி, வேறொரு வண்டியின் ஆக்சிலைக் கொண்டுவந்து இறக்கினான்.

மேஸ்திரி அதைச் சுற்றிவந்து பார்த்தார். "இது ரோட்டில ஓடின சாதனமாக்கும். உனக்கு வேண்டியது மலைக்கு."

"வேற எங்கயும் இல்ல மேஸ்திரி. இது பொருந்தலேன்னா நான் வண்டிய வித்துட்டு மண்ணு சொமக்கப் போவ வேண்டியதுதான்," என்றான்.

பொருத்துவது என்றால் நாலு போல்ட் கழற்றி நாலு போல்ட் போடுவது அல்ல. புதிய ஆக்சில் பழையதைவிடக் கொஞ்சம் அகலம். ஸ்பிரிங் பட்டை உட்காருகிற பீடங்கள் வேறு இடத்தில் இருந்தன. அவற்றை வெட்டி எடுத்து, எங்கள் அளவுக்குப் புதிதாக வைத்தோம். மேஸ்திரி முழு வெல்டிங் போட விடவில்லை. பொட்டுப் பொட்டாக ஒட்டி, ஆக்சிலை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை முழுவதும் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கியர்பாக்ஸிலிருந்து வருகிற தண்டும் ஆக்சிலின் மூக்கும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது தண்டு உதறும், ஒரு நாள் அறுத்துக்கொண்டு போகும். இரண்டு தடவை பொட்டை உடைத்துத் திருப்பி வைத்தோம். பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டிங் போட்டோம். ஒரேயடியாகச் சூடு வைத்தால் ஹவுசிங் வளைந்துவிடும். தண்டை லேத்தில் கொடுத்து நீளம் குறைத்தோம். பிரேக்குக்குப் புது லைனிங் ஒட்டினோம். பழைய ஹேண்ட் பிரேக் இந்த ஆக்சிலுக்குச் சேராது என்பதால் அதன் கேபிளையும் பின்சக்கர பிரேக் டிரம்முக்கே கொண்டுபோனோம்.

கடைசியாக மேஸ்திரி தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். நான் ஒரு பக்கம், இன்னொருவர் மறுபக்கம் பிடித்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றினோம். பழைய ஆக்சிலில் சக்கரம் ஒரு சுற்று வர, தண்டு ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றும். இதில் நாலு சுற்றிலேயே வந்து நின்றது. சமதளத்தில் இது லாபம். அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும், டீசல் மிச்சம். மலையில் கதை வேறு. இறங்கும்போது வண்டியை இழுத்துப் பிடிப்பது பாதிக்குப் பாதி எஞ்சின்தான். அந்தப் பிடி இந்த ஆக்சிலில் குறைந்துவிடும், மிச்சத்தை பிரேக் சுமக்க வேண்டிவரும்.

மேஸ்திரி ஞானமுத்துவைக் கூப்பிட்டு கியர் கம்பியைப் பிடிக்கச் சொன்னார். "கேட்டியாடே, உனக்க பழைய செகண்டு இனி செகண்டு இல்ல. தேர்டு மாதிரி ஓடும். எறங்குனா ஃபர்ஸ்டு மாத்ரம். இது உனக்குத் தெரிஞ்சா போராது, உனக்க கைக்குத் தெரியணும்."

"தெரியும் மேஸ்திரி," என்றான் ஞானமுத்து. நகரத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு முகமெல்லாம் பல். "வண்டி பறக்குது அண்ணாச்சி!" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை பொன்முடி ரோட்டில் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார் மேஸ்திரி. ஞானமுத்துவின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. அவனுடைய தங்கை செல்வி போனக்காட்டு லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். புருஷன் ஏற்கெனவே கரமனையில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்தில் வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கீழே இறக்கியாக வேண்டும். திங்கள் காலை மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேர் சேர்க்க வேண்டும், அன்றைக்குத்தான் கடைசி.

"வேற வண்டி வரமாட்டேங்கான் மேஸ்திரி. ரோடு கெடக்க கெடப்பில எவன் வருவான்?"

மேஸ்திரி வேலையில் கை வைக்கும் முன் வாட்சைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அதை எடுத்துக் கட்டினார். பிறகு கழற்றினார். அப்படி அவர் தடுமாறி நான் பார்த்ததில்லை.

"சாமானம் மாத்ரம் ஏத்து. ஆளு ஒராளும் கேறாண்டாம், பிள்ளையும் வேண்டாம். சங்கரன் பின்னால இருப்பான். அவன் சொல்லுதது நான் சொல்லுத மாதிரி," என்று என்னைக் காட்டினார்.

அப்படித்தான் ஞாயிறு காலையில் கட்டையோடு நான் கிளம்பினேன். வித்துரா தாண்டி, செக்போஸ்ட் தாண்டி ஏறினோம். காலி வண்டி என்பதால் முக்கால்வாசி ஏற்றத்தையும் செகண்டிலேயே ஏறியது. எனக்கு அது பிடிக்கவில்லை. மலை டிரைவர்கள் எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்குவார்கள். வளைவுக்கு வளைவு கியர் அவர்கள் கையில் ஏறிக் கிடக்கும், யோசிக்கமாட்டார்கள். ஞானமுத்து வழக்கமாக ஏறும்போது பாரம், இறங்கும்போது லேசு. இன்றைக்கு ஏறும்போது காலி, இறங்கும்போது ஒரு குடும்பத்தின் மொத்தச் சாமானும். "ஓர்ம இருக்கா? எறங்கும்போ ஃபர்ஸ்டு," என்று இரண்டு தடவை கத்தினேன். "ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதீங்களே," என்று சிரித்தான்.

லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே சாமான்களை ஏற்றினார்கள். இரும்பு அலமாரி, கட்டில், தையல் மெஷின், பாத்திர மூட்டை, கோழிக்கூடு. அலமாரிக்கும் டிரைவர் அறைக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு, அதில் பாயை விரித்துத் தலையணையும் போட்டார்கள். செல்வி கைக்குழந்தையோடு வந்து அந்த இடத்துக்கு ஏறக் காலைத் தூக்கினாள். மூத்தவள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு மக்கா," என்றேன். "யாரும் ஏறக்கூடாது."

செல்வி அண்ணனைப் பார்த்தாள். அவன் எங்கோ மலையைப் பார்த்தான். தங்கையிடம் அவன் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன், ஊரே சுற்றி நின்றதால் வாயை அடக்கினேன்.

"ஏன் ஏறக்கூடாது?" என்றாள் செல்வி.

"புது ஆக்சில். முதல் இறக்கம். கீழ வரைக்கும் பாத்துட்டுத்தான் ஆள் ஏத்தணும்."

"அப்ப நாங்க எப்படி வருவோம்? பறந்தா?"

"குறுக்குப் பாதையில எறங்கி வாங்க. வளைவெல்லாம் முடியுத எடத்தில காத்து நிக்கேன்."

மழை தூறத் தொடங்கியிருந்தது. குழந்தைக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை. "எம்பிள்ள மழையில நனையணும், ஒங்க வண்டியில என் அலமாரி சொகமா வரணும், அப்படித்தானே? அலமாரிக்கு இருக்க மரியாத மனுசனுக்கு இல்ல!" என்றாள். சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிரேக் பிடிக்காத வண்டியை எதற்குக் கொண்டுவந்தாய் என்று ஒருவர், பிள்ளையை மட்டுமாவது முன்னால் ஏற்று என்று இன்னொருவர். ஞானமுத்துவும் என் காதருகே வந்து, "மெதுவாப் போறேன் அண்ணாச்சி. பொம்பளப் பிள்ளய நடக்க வைக்கதுக்கு எனக்குத் தாங்கல," என்றான்.

எனக்கும் தாங்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நானும் பிள்ளை பெற்றவன்தானே. நாங்கள் போட்ட ஆக்சில், நாங்கள் ஒட்டிய லைனிங், ஒவ்வொரு நட்டும் நான் முறுக்கியது. சரி ஏறு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மேஸ்திரி சொன்ன வார்த்தை ஒன்றுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நான் மூத்தவளைத் தூக்கிக் கீழே இறக்கினேன். அவள் அழுதாள். செல்வி குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டு, "ஒம்ம பிள்ளைய இப்படி எவனாவது நடக்க விடட்டும்," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்கினாள்.

வண்டி கிளம்பியது. முதல் வளைவுகளில் ஞானமுத்து சொன்னபடி ஃபர்ஸ்டில் இறங்கினான். எஞ்சின் முனகிக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடித்தது. நான் வால்கதவு ஓரத்தில் கட்டையை மடியில் வைத்து, பாதத்தைத் தளத்தில் அழுத்தி உட்கார்ந்திருந்தேன். ஆக்சிலின் சத்தம் காதைவிடக் காலுக்குத்தான் சீக்கிரம் தெரியும். ஒரு குறையும் இல்லை. பிறகு கொஞ்ச தூரம் நேர் ரோடு வந்தது. அந்த இடத்தில் ஞானமுத்து எத்தனையோ வருடமாக செகண்டுக்கு மாற்றி வந்திருக்கிறான். அவன் கை போய் மாற்றியது.

முனகல் நின்றுவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான் டிரைவர் அறையின் கூரையைத் தட்டினேன். அவன் பிரேக்கை மிதித்தான், கொஞ்சம் பிடித்தது, மறுபடி மிதித்தான். இன்னும் படியாத புது லைனிங், இவ்வளவு பாரம். லைனிங் கருகுகிற நெடி வந்தது. குனிந்து பார்த்தேன், பின் டிரம்மிலிருந்து புகை.

"அண்ணாச்சி, பெடல் தாழ்ந்து போவுது!"

"கியர கொறைக்காத! கியர்ல கை வைக்காத!" என்று கத்தினேன். அவன் அதற்குள் வைத்துவிட்டான். அந்த வேகத்தில் ஃபர்ஸ்ட் விழுமா? பற்கள் கரகரத்தன, விழவில்லை. வண்டி நியூட்ரலில் ஓடியது. எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான், அதுவும் அதே சூடான டிரம்மில்தான் பிடிக்கிறது. முன்னால் கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு அப்பால் மரங்களின் தலைதான் தெரிந்தது.

"மேட்டுப் பக்கம் ஒதுக்கு! மண்ணில உரசு!"

ஞானமுத்துவை இதற்காகப் பாராட்ட வேண்டும், அந்த நேரத்திலும் ஸ்டியரிங்கைக் கைவிடவில்லை. இடது பக்கம் மலையை அறுத்த மண்சுவரோடு வண்டியைச் சேர்த்து உரசினான். தகரம் கிழிந்தது. சக்கரம் ஓடைக்குள் இறங்கியது, வண்டி குலுங்கி வேகம் குறைந்தது. அந்தக் குலுக்கலில் இரும்பு அலமாரி கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னால் போய் மோதியது. வண்டி நிற்கவில்லை. ஆள் நடக்கிற வேகத்தில் மறுபடி உருளத் தொடங்கியது. நான் குதித்தேன். வலது பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைத் தள்ளினேன். சக்கரம் அதன்மேல் ஏறியது, கட்டை ரோட்டில் கிறீச்சிட்டு நகர்ந்தது, கயிற்றில் சுற்றியிருந்த என் விரல்கள் அடியில் மாட்டின. பிறகு எல்லாம் நின்றது. கோழிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

ஞானமுத்து இறங்கி வந்து ஒரு பெரிய கல்லைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். என் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டேன். டிரம்மில் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டான். ஊற்றினால் வெடித்துவிடும், தானாக ஆறட்டும் என்றேன்.

குறுக்குப் பாதை அந்த வளைவில் ரோட்டைக் கடந்துதான் கீழே போகிறது. செல்வி நனைந்து வந்தாள். என்னைத் திட்ட மீதி வைத்திருந்திருப்பாள் போலிருக்கிறது, வாயைத் திறந்தவள் கிழிந்த தகரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். அலமாரி டிரைவர் அறையின் பின்தகட்டில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. பாயும் தலையணையும் நடுவில் எங்கோ இருந்தன, கண்ணுக்குத் தெரியவில்லை. மூத்தவளை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

"நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள்.

வால்கதவு ஓரத்தைக் காட்டினேன்.

டிரம் ஆறியதும் மெதுவாக ஃபர்ஸ்டில் இறக்கலாம் என்று முடிவு செய்தோம். அங்கேயே விட்டுப் போக முடியாது, பின்னால் வருகிற வண்டிக்கு ஆபத்து. நான் கட்டையை இடது கையால் எடுத்துக்கொண்டு வால்கதவில் ஏறப் போனேன்.

"நீங்க ஏறாண்டாம்," என்றாள் செல்வி.

"ஏறணும்மா. அது எங்க வழக்கம்."

"ஒங்க வழக்கத்த ஒங்க ஒர்க்‌ஷாப்பில வச்சுக்கிடுங்க. இந்தக் கையோட எப்படிக் கட்ட போடுவீங்க? தேயில லாரிக்கு மழையில கட்ட போட்டு வளந்தவ நான்." சொல்லிக்கொண்டே குழந்தையை என் இடது கைவளைவில் வைத்துவிட்டுக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஞானமுத்து வெறும் நடைவேகத்தில் வண்டியை இறக்கினான். செல்வி பின்சக்கரத்தை ஒட்டி, சேலையைச் செருகிக்கொண்டு, கட்டையைத் தாழப் பிடித்தபடி நடந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "நிறுத்துண்ணே!" என்பாள். வண்டி நிற்கும். கட்டையைக் கொடுப்பாள். டிரம்முக்கு மேல் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பாள். பிறகு "போ" என்பாள். பின்னால் மூத்தவளும், கிரீஸ் படிந்த சட்டையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும். குழந்தை அந்த நாற்றத்திலும் நன்றாகத் தூங்கியது. செக்போஸ்ட் வரை ஒருவரும் வண்டியில் ஏறவில்லை. அதற்குப் பிறகு சமதளம்தான், அங்கும் அவர்கள் ஏறமாட்டோம் என்று சொல்லி பஸ்ஸில்தான் வந்தார்கள்.

மறுநாள் காலை மூத்தவள் பள்ளியில் சேர்ந்தாள். நான் கையில் கட்டோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மேஸ்திரி ஒரு வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்து என் கையைப் பார்த்தார்.

"ஆளு கேறியோ?"

"இல்ல மேஸ்திரி. கேட்டாங்க, நான் விடல."

"கட்ட எவிடடே?"

"ஞானமுத்து தங்கச்சி தரமாட்டேன்னு சொல்லிட்டா. வண்டி சரியாகி, நீங்க பின்னால உக்காந்து போனக்காடு எறங்கி வந்து காட்டினாத்தான் தருவாளாம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி போய் மோதிய இடத்தையும், அங்கே விரித்திருந்த பாயையும் சொன்னேன். என் பக்கம் கையை நீட்டுவார் என்று நினைத்தேன், என் கையில் வாங்க எதுவும் இல்லை. அவர் தன் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, மூடினார். செல்வி வீட்டில் சாமானை இறக்கிவிட்டு ஞானமுத்துவின் வண்டி வந்து நிற்கும்வரை அந்தப் பெட்டியை அவர் திறக்கவில்லை.